சண்டை போடாமல் கிடைத்த தங்கம்

நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரின் ஏவன்டேலில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சலவை அறைக் கதவுக்கு ஒரு கெட்ட குணம். கையை எடுத்தால் தானாகச் சாத்திக்கொள்ளும். அதுவும் இரண்டு கையாலும் ஈரத் துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் வாசலை நெருங்கும்வரை காத்திருந்துதான் சாத்தும். முதுகால் தள்ளி, காலால் முட்டுக்கொடுத்து, வருடக்கணக்காக அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் கதவு திறந்தபடி அசையாமல் நிற்கிறது. யாரோ கைப்பிடியில் ஒரு நீல நாடாவைக் கட்டி, மறுமுனையைச் சுவரோரத் தண்ணீர்க் குழாயில் இறுக்கி முடிந்திருந்தார்கள். நாடாவின் நடுவில் ஒரு தங்கப் பதக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

தங்கம் என்றால் பூச்சுத்தான். ஆனாலும் முதலாமிடம் என்று பொறித்திருந்தது. யாருடையது என்று கேட்டேன். துவாய்களை மடித்துக்கொண்டிருந்த, என்னோடு வேலை செய்யும் ரஷ்யக்காரி நிமிராமலே தன்னுடையது என்றாள். முதலாமிடம் வந்த பதக்கத்தை யாராவது கதவில் கட்டுவார்களா என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தாள். என்னை மேலிருந்து கீழாக, சந்தையில் மீன் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்தாள்.

"உன் எடை எவ்வளவு?" என்று கேட்டாள்.

அவளுடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. இல்லத்தில் முதியவர்கள் முதல் மேலாளர்வரை எல்லோருக்கும் அவள் ரஷ்யக்காரிதான். அவளும் அதற்கே திரும்பிப் பார்த்தாள். என்னைவிடச் சில வயது இளையவள். உயரம் என்னளவுதான். காது மடல்கள் மட்டும் பிசைந்து வைத்த மாவுபோல் தடித்திருந்தன. எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழி. அவள் சொன்னதை இங்கே தமிழில் எழுதும்போது அது கொஞ்சம் ஒழுங்காகிவிடுகிறது. உண்மையில் ஆளுக்குப் பாதி வசனத்தைத் தொலைத்துவிட்டுத்தான் கதைப்போம். நான் யாழ்ப்பாணத்தை விட்டு ஏன் வந்தேன் என்று அவள் கேட்டதில்லை. அவளுடைய நாட்டைப் பற்றிச் செய்தியில் வருவதை நானும் அவளிடம் கேட்டதில்லை. அந்த மட்டில் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை இருந்தது.

ஜூடோவைப் பற்றி மட்டும் கேளாமலே சொல்வாள். இரும்பு ஆலை ஒன்றைச் சுற்றி வளர்ந்த ஒரு சிறு நகரத்தில், பள்ளிக்கூடத்து நிலவறையில் அதைப் பழகத் தொடங்கினாளாம். ஜூடோவில் அடி உதை கிடையாது. எதிராளியின் தடித்த பருத்திச் சட்டையைப் பிடித்து இழுத்து, நிலைகுலைத்து, முதுகு பாயில் படும்படி வீழ்த்த வேண்டும். முதுகு முழுசாகப் பட்டால் ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. பெண்களில் ஆகக் குறைந்த எடைப் பிரிவு நாற்பத்தெட்டுக் கிலோ. அவளுடைய இளமை முழுவதும் அந்த எண்ணைத் தாண்டாமல் நிற்பதில் கழிந்திருக்கிறது. போட்டிக்கு முதல் நாள் தண்ணீர் குடிக்காமல், கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு ஓடி, வாயில் ஊறும் எச்சிலைக்கூடப் போத்தலில் துப்புவார்களாம். ஒருமுறை தராசு இறங்க மறுத்தபோது தன் பின்னலை வெட்டி எறிந்துவிட்டு ஏறி நின்றாளாம். இதையெல்லாம் அவள் துவாய் மடித்துக்கொண்டே சொல்ல, பிட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு நான் கேட்பேன்.

இவ்வளவு பாடுபட்டும் அவளுக்குக் கிடைத்தது மூன்றாமிடம்தான். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, அவள் பேர்போனதே அதற்குத்தான். ஜூடோவில் மூன்றாமிடத்தை இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள். "மூன்றாமிடத்தைக்கூட எனக்கு முழுசாகத் தரவில்லை," என்று சொல்லிச் சிரிப்பாள். முதலாமிடத்தில் எப்போதும் அவளுடைய பயிற்சிக்கூடத்தையே சேர்ந்த ஒரு செம்பட்டைமுடிக்காரி இருந்தாள். அந்தச் செம்பட்டைமுடிக்காரி வெளிநாட்டுப் போட்டிகளுக்குத் தயாராகும்போதெல்லாம், பயிற்சியில் தூக்கி எறிவதற்கு அதே எடையில் ஒரு உடம்பு தேவைப்பட்டது. அந்த உடம்பு இவள். தன்னை வீழ்த்தி வீழ்த்தியே இன்னொருத்தி சம்பியன் ஆனதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

பிறகு கலியாணம், கப்பல் எஞ்சினியரான கணவனுக்கு ஆக்லாந்தில் வேலை. வந்த கையோடு கிளென் ஈடனில் ஒரு ஜூடோக் கழகத்தைத் தேடிப் பிடித்தாள். அந்த வருடப் போட்டிக்குப் பெயர் கொடுத்து, பழையபடி பட்டினி கிடந்து, தராசில் ஏறி இறங்கிய பிறகுதான் தெரிந்திருக்கிறது, அவளுடைய பிரிவில் வேறு ஒருத்தியும் இல்லை. இந்த ஊரில் பெண்கள் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவ்வளவு சிறிய ஆள் கிடைப்பது கஷ்டம். ஒருத்தியே இருந்தால் அவளே முதலாமிடம். பெயரை அழைத்தார்கள், படியில் ஏற்றினார்கள், கழுத்தில் போட்டார்கள், கை தட்டினார்கள். இரண்டு பக்கமும் படிகள் வெறுமையாக இருந்தன. காலமெல்லாம் கேட்டுக் கிடைக்காத தங்கம், யாரையும் தொடாமலே கிடைத்தது. அதைத்தான் கதவில் கட்டியிருந்தாள்.

அந்தப் பதக்கம் கதவுக்கு வரும் முன்னரே, அடுத்த போட்டியில் பிடிவாதமாக மேல் எடைப் பிரிவில் இறங்கியிருந்தாள். பல்கலைக்கழகத்து மாணவி ஒருத்தி பாரத்தோடு மேலே விழுந்ததில் முழங்கால் பிசகியது. இனி இந்த முழங்கால் கொஞ்சக் காலம்தான் தாங்கும் என்று பிசியோ சொல்லிவிட்டார். ஆகவே அவளுக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. முழங்கால் கைவிடும் முன்னர், தன் எடையில் ஒரு எதிராளி. நான் நாற்பத்தாறு கிலோ. காற்றடித்தால் பறந்துவிடுவாய் என்று சின்ன வயதிலிருந்து எல்லோரிடமும் பேச்சு வாங்கியவள். என் எடையைக் கேட்டு ஒருவருடைய முகம் மலர்ந்ததை வாழ்க்கையில் அன்றுதான் கண்டேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உமக்கென்ன விசரே? நாற்பது வயசிலை மல்யுத்தமோ?" என்றார். மகள் தலையை நிமிர்த்தாமல் ஆங்கிலத்தில் அது மல்யுத்தம் இல்லை, ஜூடோ என்று திருத்தினாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் போயே இருக்க மாட்டேன். அடுத்த கிழமை வேலை முடிந்ததும் ரஷ்யக்காரியோடு கிளென் ஈடனுக்கு ரயில் ஏறினேன்.

மண்டபம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மற்ற நாட்களில் அங்கே நடன வகுப்பு நடக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் நாங்களே பாய்களை இழுத்து அடுக்கி, முடிந்ததும் திருப்பி அடுக்க வேண்டும். மழை பெய்தால் கூரையில் இரைச்சல், பாயில் கால் வாடை. முதல் சில மாதங்கள் எனக்கு விழத்தான் பழக்கினாள். முன்னுக்கு, பின்னுக்கு, பக்கவாட்டில், நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, கையால் பாயை அறைந்து. கைகளெல்லாம் நீலம் பாரித்தன. கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது சேலை விலகியதில் ஒரு மாமி அதைக் கண்டுவிட்டார். மெதுவாக என்னை மடப்பள்ளிப் பக்கம் கூட்டிப்போய், தன் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, எந்த நேரமும் வரலாம் என்றார். நான் விளங்கப்படுத்த முயன்றேன். பாவம் இன்னும் புருஷனைக் காப்பாற்றுகிறாளே என்ற பார்வைதான் கிடைத்தது. அதன்பிறகு என் கணவர் கோயில் வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

வேலைத்தலத்திலும் அவள் விடவில்லை. பிடி இறுக வேண்டும் என்று, மெஷின் பிழிந்து தந்த துவாய்களை நாங்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மறுபடி முறுக்கினோம். நான் களைத்து, சும்மா போட்டிக்குப் பெயரைக் கொடுக்கிறேனே, உனக்குத் தேவை இன்னொரு பெயர்தானே, என்னை எறிந்துவிட்டுத் தங்கத்தை எடுத்துக்கொண்டு போயேன் என்று ஒரு நாள் சலித்துக்கொண்டேன். அவள் துவாயைக் கீழே போட்டாள்.

"தோற்றுத் தருவதற்கு எனக்கு ஆள் வேண்டாம். அதற்கு அந்த வெறும் படியே போதும். நீ என்னை விழுத்தக்கூடியவளாக வா," என்றாள்.

அன்று தொடக்கம் என்னை வீழ்த்துவதை விட்டுவிட்டு, தன்னை வீழ்த்தப் பழக்கினாள். தன் பலவீனம் எது, எந்தப் பக்கம் பாரம் சாயும், எந்த நேரம் முழங்கால் தடுமாறும் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. எனக்கு உயரமும் இல்லை, பலமும் இல்லை. ஆனால் கால் வேகம் இருந்தது. ஆகவே என் ஆயுதம் காலை வாருவது என்று அவளே முடிவு செய்தாள். எதிராளி அடியெடுத்து வைக்கிற அந்த நொடியில், பாரம் முழுசாக இறங்கும் முன்னர், உள்ளங்காலால் அவளுடைய கணுக்காலை வாரிவிட வேண்டும்.

அங்கேதான் வந்தது வில்லங்கம். என் கால் அவளுடைய காலில் பட்ட மாத்திரத்தில் என் கை சட்டையை விட்டுவிட்டுக் கீழே போனது. அவளுடைய காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. நான் நினைத்துச் செய்யவில்லை. தமிழ் வீட்டில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பஸ்ஸில் தெரியாத ஆளின் மீது கால் பட்டாலும், புத்தகத்தில் பட்டாலும் கை தானாகப் போகும். ரஷ்யக்காரி முதலில் இது ஏதோ புதுப் பிடி என்று நினைத்துத் துள்ளி விலகினாள். நாலைந்து முறை நடந்த பிறகு என்ன செய்கிறாய் என்று கேட்டாள். சொன்னேன். காலால் படுவது மரியாதைக் குறைவு, அதனால் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அவள் இடுப்பில் கையை வைத்து மேலே கூரையைப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே கையால் தொடுவது விதிப்படி குற்றம், அப்படி மூன்று தண்டனை வாங்கினால் ஆட்டமே போய்விடும் என்றாள். வாரவும் வேண்டும், குனியவும் கூடாது.

மாதக்கணக்கில் முயன்றோம். என் கையை அவளுடைய சட்டையோடு பெல்ட்டால் கட்டிப் பார்த்தாள். நானே என்னைத் திட்டிப் பார்த்தேன். வாரல் நன்றாக விழுந்த நாட்களில்தான் கை இன்னும் வேகமாகப் போனது. கடைசியில் ஒரு மாலை அவள் பாயின் நடுவில் வந்து நின்று, இன்றைக்கு என் காலில் எத்தனை தடவை தட்டப் போகிறாயோ அத்தனைக்கும் சேர்த்து இப்போதே மன்னிப்பைக் கேட்டு முடி என்றாள். பகிடி என்று நினைத்தேன். அவள் முகத்தில் பகிடி இல்லை. நான் குனிந்து இரண்டு கால்களையும் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். அன்று என் கை ஒரு தடவையும் கீழே போகவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு பயிற்சியும் அப்படித்தான் தொடங்கியது. கழகத்தில் இருந்த சமோவாப் பொடியன்கள் இது இந்தியாவின் ஏதோ பழைய ஜூடோ மரபு என்று நம்பி, மிகுந்த மரியாதையோடு ஒதுங்கி நிற்பார்கள்.

போட்டியில் இறங்க, தகுதியைக் காட்டும் பெல்ட்டில் ஒரு குறைந்தபட்ச நிறமாவது வேண்டும். அதை நான் எடுத்து முடிக்க அடுத்த வருடப் போட்டி வந்தது. எடை பார்க்கும் இடத்தில் அவள் உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, சுவரில் சாய்ந்து நின்றாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று என்னிடம் கேட்டாள். இடியப்பமும் சொதியும் என்றேன். சொதி எப்படி இருக்கும், விபரமாகச் சொல் என்றாள். தேங்காய்ப்பாலும் மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் என்று நான் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இரண்டு பேருமே தராசில் தேறினோம்.

அந்த முறையும் எங்கள் பிரிவில் வேறு யாரும் இல்லை. இரண்டே பேர் என்றால் மூன்று ஆட்டம். இரண்டில் வென்றவள் முதலாமிடம். முதல் ஆட்டத்துக்கு நடுவர் அழைத்த வேகத்தில் முன்கூட்டியே கேட்கும் மன்னிப்பை இருவருமே மறந்துவிட்டோம். நான் வாரினேன், கால் பட்டது, கை போனது. நடுவர் நிறுத்தித் தண்டனை கொடுத்தார். மறுபடி வாரினேன், மறுபடி போனது. என் கை கீழே இருந்த அந்த நொடியில் அவள் என்னைத் தூக்கி, முதுகு பாயில் படப் போட்டாள். வணங்கிவிட்டு வெளியே வந்தபோது அவளுடைய முகத்தைப் பார்த்தேன். வென்ற முகமாக அது இல்லை. கதவில் கட்ட இன்னொரு பதக்கம் கிடைத்துவிட்டதுபோல் நின்றாள்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. இடைவேளையில் நேரே அவள் இருந்த பக்கம் போனேன். நடுவர் பார்க்கிறார், மேசையில் இருந்தவர்கள் பார்க்கிறார்கள், மேலே இருக்கையில் என் கணவரும் மகளும் பார்க்கிறார்கள். குனிந்து அவளுடைய இரண்டு கால்களையும் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். இனி நடக்கப்போகிற எல்லாவற்றுக்கும் சேர்த்து. அவள் நேராக நின்று அதை வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது ஆட்டத்தில் என் கைகள் அவளுடைய சட்டையை விடவில்லை. அவள் என்னை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். வலது கால் முன்னுக்கு வந்தது. பாரம் இறங்கும் முன்னர் நான் வாரினேன். இரண்டு கால்களும் பாயை விட்டு எழும்பி, அவள் முழு முதுகோடு விழுந்தாள். அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. நடுவரின் கை நேராக மேலே போனது. பயிற்சிக்கு வெளியே முதல் தடவையாக ஒரு ஆளைக் காலால் தட்டி விழுத்திவிட்டு நான் நிமிர்ந்து நின்றேன். சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சந்தோஷம் என் கலியாண நாளில்கூட எனக்கு இருக்கவில்லை. அவள் எழும்பி, பெல்ட்டைச் சரிசெய்து, வணங்கும்போது எனக்கு மட்டும் கேட்க ஒன்று சொன்னாள்.

"இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது."

அவளுடைய முகம் முழுவதும் சிரிப்பு.

மூன்றாவது ஆட்டம் முடிவதாக இல்லை. ஒதுக்கிய நேரம் முடிந்தும் இருவருக்கும் புள்ளி இல்லை. அப்படியென்றால் யாராவது ஒருத்தி விழும்வரை ஆட வேண்டும். என் முன்கைகள் மரத்துவிட்டன. அவள் முழங்காலை இழுத்து இழுத்து வைத்தாள். அந்தப் பக்கம் தாக்கக் கூடாது என்று என் மனம் சொன்னது. இரக்கப்பட்டாயானால் இனி உன்னோடு கதைக்க மாட்டேன் என்று அவள் முன்பே சொல்லி வைத்திருந்தாள். அந்தக் கால் தடுமாறி முன்னுக்கு வந்தபோது நான் முழு மனதோடு வாரினேன். நான் வாருவேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் அவளை மதித்து வாருவேன் என்று நம்பிக் காத்திருந்தாள். கடைசி நொடியில் அந்தக் காலைத் தூக்கி, வெறும் காற்றில் போன என் காலை அதே வழியில் தொடர்ந்து வாரினாள். கூரை தெரிந்தது, பிறகு பாய்.

எழும்பி வணங்கினோம். வணங்கி நிமிர்ந்ததும் அவள் நொண்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். கைகொடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். மடங்காத முழங்காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு குனிந்து, என் காலைத் தொட்டு, தன் இரண்டு கண்களிலும் ஒற்றினாள். நான் அங்கேயே நின்று அழுதேன். அவளும் அழுதாள். படியில் ஏறியபோது அவளுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். வீட்டுக்குத் திரும்பும்போது என் கணவர் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார். பிறகு, "உம்மட காலைத் தொட்டுக் கும்பிட்டவ. நான் கண்டனான்," என்றார். அதற்குப் பிறகு அவர் என் ஜூடோவைப் பற்றிச் சிரித்ததில்லை.

அதுதான் அவளுடைய கடைசி ஆட்டம். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தார்கள். அடுத்த கோடையில் கணவனின் வேலையோடு தெற்குத் தீவுக்குப் போய்விட்டாள். போகும் நாளன்று சலவை அறைக்கு வந்து கதவில் இருந்த பழைய பதக்கத்தை அவிழ்த்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இதையும் புதுப் பதக்கத்தையும் ஒன்றாகவே வைக்கப்போகிறேன், இதனால்தானே அது வந்தது என்றாள். கதவு மறுபடியும் தன் பழைய குணத்தைக் காட்டத் தொடங்கியது.

நான் கழகத்தை விடவில்லை. இந்த வருடப் போட்டிக்கும் பெயர் கொடுத்தேன். தராசில் ஏறி இறங்கினேன், காத்திருந்தேன். என் பிரிவில் வேறு யாரும் வரவில்லை. பெயரை அழைத்து, படியில் ஏற்றி, தங்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். அவள் அன்றைக்கு அங்கே எப்படி நின்றிருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உடம்போடு விளங்கியது. அன்று மாலை தொலைபேசியில் சொன்னபோது மறுமுனையில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, கதவு இன்னும் சாத்துகிறதா என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் முதல் காரியமாக என் பதக்கத்தின் நாடாவைக் கைப்பிடியில் கட்டி, குழாயில் இறுக்கி முடிந்தேன். மலேசியாவில் ஜொகூரிலிருந்து போன மாதம் வேலைக்குச் சேர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, தன் தோளைவிட அகலமான கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திறந்து நின்ற கதவைப் பார்த்தாள், நாடாவைப் பார்த்தாள், பதக்கத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன் அக்கா, தங்க மெடல போயி கதவுல கட்டி வச்சிருக்கீங்க?"

மடித்துக்கொண்டிருந்த துவாயைக் கீழே வைத்தேன். அவளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தேன்.

"தங்கச்சி, உங்கட எடை எவ்வளவு?" என்று கேட்டேன்.